மலையைப் பார்க்க வருகிறவர்கள்: நுவரெலியாவின் சுற்றுலாவும் தோட்டத்து மக்களின் காணி உரிமையும்

ஏப்ரல் பிறந்துவிட்டால் நானுஓயாவிலிருந்து நுவரெலியா நகருக்குப் போகும் எட்டு கிலோமீற்றர் பாதையைக் கடக்க மணிக்கணக்காகும். சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய அந்த வாரங்களை ஊரில் எல்லோரும் ‘சீசன்’ என்றே சொல்வார்கள். குதிரைப் பந்தயம், மகாகஸ்தோட்டை மேட்டில் கார்ப் பந்தயம், மலர்க் கண்காட்சி, கிரகரி வாவிக் கரையில் இரவு முழுக்கப் பாட்டு என்று, சில பத்தாயிரம் பேர் மட்டுமே வாழும் நகரத்துக்குள் அதைப் போலப் பல மடங்கு கூட்டம் வந்து இறங்கும். அறை வாடகை எகிறும். அறை கிடைக்காத குடும்பங்கள் வானுக்குள்ளேயே போர்த்திக்கொண்டு படுத்துவிடும். மழை விழுந்து மேற்குச் சரிவுகளில் கொழுந்து பெருகுவதும் அதே காலத்தில்தான். நகரத்துக்குள் விடுமுறைக் கூட்டம் நெருக்கியடிக்க, நகரத்தைச் சுற்றியுள்ள மலைகளில் ஆண்டின் கடும் வேலை நடந்துகொண்டிருக்கும்.

சுற்றுலா ஒரு ஊரை என்ன செய்யும் என்ற கேள்வி இன்று உலகெங்கும் கேட்கப்படுகிறது. வெனிஸ், பார்சிலோனா, டுப்ரோவ்னிக் என்று ஐரோப்பாவின் பழைய நகரங்களில் வசிப்பவர்களே வீதிக்கு வந்து கேட்கிறார்கள். ஊர் தாங்கக்கூடிய அளவு எவ்வளவு, வருகிறவர்களிடம் கட்டணம் வாங்கலாமா, உள்ளூர்க்காரன் குடியிருக்க வீடு எங்கே என்பவைதான் அங்கே பேசப்படுகின்றன. எங்கள் மலையிலும் இதே கேள்விகள் எழுகின்றன. ஆனால் இங்கே இவற்றுக்கெல்லாம் முன்னால் தீர்க்கவேண்டிய ஒன்று இருக்கிறது. ஐரோப்பிய நகரத்தில் வீட்டுக்கும் ஊருக்கும் உரிமையுள்ளவர்கள் சுற்றுலாவோடு மல்லுக்கு நிற்கிறார்கள். மலையகத் தோட்டங்களில் குடியிருப்பவர்களில் பெரும்பாலோருக்கோ இருக்கும் வீட்டுக்கும் நிலத்துக்கும் உறுதி இல்லை. வாகன நெரிசலில் தொடங்கி குப்பை, புகைப்படம், பங்களா விடுதி, வேலைவாய்ப்பு வரை எதைத் தொட்டாலும் கடைசியில் அந்த உறுதியில்லாத நிலத்தில்தான் வந்து முட்டுகிறோம் என்பதே என் முடிவு.

ஐரோப்பிய நகரமொன்றைப் பார்க்கும் ஆசையோடு நுவரெலியாவுக்கு வருகிறவர்கள் ஏமாறுவதில்லை. கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் இந்த நகரம் அப்படித்தான் திட்டமிட்டு எழுப்பப்பட்டது. 1820களில் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ், நோயுற்ற வெள்ளையர்கள் உடல் தேற இதைத் தேர்ந்தார். அவர் கட்டிய மாளிகைதான் பின்னால் கிராண்ட் ஹோட்டலாக வளர்ந்தது. 1840களின் பிற்பகுதியில் சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் மாடுகளையும் வேட்டை நாய்களையும் குடியேறிகளையும் கப்பலில் கொண்டுவந்து, இங்கே ஓர் ஆங்கிலக் கிராமத்தையே நடப் பார்த்தார். ஆளுநர் வில்லியம் கிரகரி 1873இல் வாவி அமைத்தார். 1875இல் பந்தயத் திடல், 1876இல் ஹில் கிளப், 1889இல் கோல்ஃப் கழகம், 1894இல் செங்கல் தபாலகம், 1897இல் விக்டோரியா பூங்கா என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. இன்று பயணிகள் படம் எடுப்பவற்றில் பெரும்பாலானவை இந்தக் கால்நூற்றாண்டுக்குள் எழுந்தவை.

அந்தக் கால்நூற்றாண்டு தேயிலை எழுந்த காலமும்கூட. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரையில் தேயிலை நட்டார். 1869இல் கோப்பித் தோட்டங்களில் இலைத்துரு நோய் தோன்றியது. ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் கோப்பி ஒழிந்து மலை முழுக்கத் தேயிலையானது. ரயில் 1884இல் ஹட்டனுக்கும் 1885இல் நானுஓயாவுக்கும் வந்து சேர்ந்தது. காட்டை வெட்டியதும், பாதை போட்டதும், தண்டவாளத்துக்கு மண் சுமந்ததும், கன்று நட்டதும் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட மக்கள். மன்னாரில் இறங்கி, வன்னிக் காட்டினூடே மாத்தளை வரை நடந்து, வழியிலேயே பலரைப் பறிகொடுத்துவிட்டு வந்தவர்கள் அவர்கள். 1823இல் தொடங்கியதாகக் கொள்ளப்படும் அந்த வருகையின் 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணம் நடந்தது. இன்றும் நுவரெலியா மாவட்டத்தின் சனத்தொகையில் பெரும் பகுதியினர் மலையகத் தமிழர்கள்.

நகரத்துக்கும் தோட்டத்துக்கும் வரலாறு ஒன்றுதான். ஆனால் சுற்றுலா அதில் துரைமார் பகுதியை மட்டும் பிரித்தெடுத்து விற்கிறது. பாரம்பரியம் என்றால் பங்களா, கிளப், தொப்பி, பிற்பகல் தேநீர் என்று ஆகிவிட்டது. காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்களமும் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயமும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பிராவும் பயணிக்குக் காட்டும் பட்டியலில் இல்லை.

தபாலகத்தின் கதையில் இந்தப் பிளவு நன்றாகத் தெரியும். நுவரெலியா நகரின் நடுவே கூர்ங்கூரையும் கோபுரமுமாக நிற்கும் அந்தச் சிவப்புக் கட்டடத்தைத் தனியார் ஹோட்டல் திட்டத்துக்குக் குத்தகைக்கு விட 2023இல் அரசு முயன்றது. தபால் ஊழியர் சங்கங்கள் எதிர்த்து எழுந்தன. அந்த ஆண்டு நவம்பரில் நாடளாவிய வேலைநிறுத்தமும் நடந்தது. சங்கங்கள் செய்தது சரி என்றே நினைக்கிறேன். நூற்றாண்டு தாண்டியும் மக்கள் சேவையில் இருக்கும் ஒரு பொதுக் கட்டடம், ஒரு சிலர் மட்டும் நுழையக்கூடிய இடமாக மாறுவதைத் தடுக்கவேண்டியதுதான். அது இன்னும் தபாலகமாகவே இயங்குகிறது.

ஆனால் அந்தத் தபாலகத்திலிருந்து புறப்படும் கடிதம் தோட்டத்துக்குள் எப்படிப் போய்ச் சேர்கிறது? பல தோட்டங்களில் ஒவ்வொரு வீட்டுக்கும் தனி இலக்கமோ வீதிப் பெயரோ கிடையாது. தோட்டத்தின் பெயர், கணக்கு எனப்படும் தோட்டப் பிரிவின் பெயர், அவ்வளவுதான் முகவரி. ஒரு கணக்கிலேயே ஒரே பெயரில் பலர் இருப்பார்கள். கடிதம் தோட்டக் காரியாலயத்துக்கு வந்து, அங்கிருந்து யாரோ ஒருவர் கையில் லயத்துக்கு வரும். சில வேளை தாமதமாக வரும், சில வேளை வரவே வராது. நேர்முகத் தேர்வுக்கு அழைத்த கடிதம் தேர்வு முடிந்த பிறகு கைக்குக் கிடைத்த கதையை மலையகத்தில் வளர்ந்த யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள். தபாலகத்தின் கூரையைக் காக்க நாடே பேசியது. அந்தத் தபாலகம் கொண்டுசேர்க்க வேண்டிய முகவரி இல்லாதவர்களைப் பற்றி அந்தப் பேச்சில் ஒரு சொல்லும் வரவில்லை. பாரம்பரியத்தைக் காப்பது பற்றிய நம் விவாதங்களில் இது ஒரு பெரிய ஓட்டை.

அடுத்து பங்களாக்கள். தோட்டத் துரையின் பங்களாவை விடுதியாக மாற்றுவது கடந்த இருபது ஆண்டுகளில் ஒரு தொழிலாகவே வளர்ந்துவிட்டது. ஹட்டனுக்கு அப்பால் காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சுற்றியுள்ள பழைய பங்களாக்களைக் கொண்டு 2005இல் தொடங்கிய சிலோன் டீ டிரெயில்ஸ் இதில் முன்னோடி. அதற்கும் முன்னால், கந்தப்பளைக்கு மேலே கைவிடப்பட்டுக் கிடந்த ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலை 1990களில் ஹோட்டலானது. அதன் வெளிச்சுவரையும் யன்னல்களையும் இரும்புத் தூண்களையும் பழைய இயந்திரங்களையும் அப்படியே வைத்துக்கொண்டு, உள்ளே அறைகளை அமைத்தார்கள். இடிந்து போயிருக்கவேண்டிய கட்டடம் பிழைத்தது. கட்டடக் கலை அளவில் அது நல்ல வேலை, அதை மறுக்கமுடியாது.

ஆனால் கணக்குப் பார்த்தால் நெஞ்சு கனக்கிறது. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 2021இல் 1,000 ரூபாவாகவும், 2024இல் 1,350 ரூபாவாகவும் ஆனது. அரசு தரும் வரவுக் கொடுப்பனவையும் சேர்த்து அதை 1,750 ரூபாவாக்க 2026ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் முன்மொழியப்பட்டது. 1,350 ரூபா வீதம் மாதத்தில் இருபது நாள் பேர் விழுந்தால், அதாவது வேலைநாளாகப் பதிவானால், 27,000 ரூபா. உயர்தர பங்களா விடுதிகளில் ஓர் இரவுக் கட்டணம் இதைப் போலப் பல மடங்கு. பங்களாவிலிருந்து பார்த்தால் தெரியும் பசுமையை மட்டம் வெட்டி, கவ்வாத்துப் பண்ணி, புல் பிடுங்கி அழகாக வைத்திருப்பது அந்த 27,000 ரூபாதான். பயணி அந்தக் காட்சிக்கும் சேர்த்துத்தான் பணம் கொடுக்கிறார். அதில் காட்சியை உருவாக்கியவருக்குப் போவது எதுவுமில்லை.

புகைப்பட விஷயத்தைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். கண்டியிலிருந்து வரும் பாதை லபுக்கலையை நெருங்கும்போது இரு பக்கமும் மலை. வான் நிற்கும், கமராவோடு நாலு பேர் இறங்குவார்கள். இடுப்பில் படங்கு கட்டி, தலையில் கயிறு மாட்டிய கூடையோ சாக்கோ முதுகில் தொங்க நிற்கும் பெண்ணைக் கூப்பிட்டு, திரும்பச் சொல்வார்கள், சிரிக்கச் சொல்வார்கள், கொழுந்தைப் பறிப்பதுபோல் கையை அப்படியே வைத்திருக்கச் சொல்வார்கள். சிலர் நூறு, இருநூறு கொடுப்பார்கள். சிலர் கையசைத்துவிட்டு ஏறிவிடுவார்கள். தோட்டத்துக்குத் தோட்டம் மாறினாலும் ஒரு நாளைக்கு 18 கிலோ அளவில் கொழுந்து கேட்பது வழக்கம். எட்டு மணி நேர வேலையில் பத்து நிமிடம் நின்றால் ஏறத்தாழ 400 கிராம் கொழுந்து போயிற்று. கொழுந்து மடுவத்தில் தராசு முள் அந்த அளவைத் தொடாவிட்டால் அரைப்பேர்தான் விழும். கங்காணி தூரத்திலிருந்து சத்தம் போடுவது வீம்புக்கல்ல, கணக்கு அவருடைய தலையிலும் விழும். படத்துக்குக் காசு கேட்கும் பெண்ணைப் பிச்சை கேட்பதாகச் சொல்லிச் சில பயணக் குறிப்புகளில் எழுதுகிறார்கள். அவர் கேட்பது இழந்த கொழுந்தின் விலை.

இப்போது சில தேயிலை நிலையங்களில் பயணிகளே சேலை உடுத்தி, கூடை மாட்டிப் படம் எடுத்துக்கொள்ள ஏற்பாடு இருக்கிறது. விளையாட்டாக எடுப்பவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அட்டைக்கடியும் பனிக் குளிரும் வயிற்றில் பிள்ளையும் முதுகில் சுமையுமாக வாழ்ந்த தலைமுறைகளின் உடை, வேடமாகச் சுருங்கிப்போவது வலிக்கிறது. அந்த உடைக்குப் பின்னாலுள்ள வரலாற்றைச் சொல்லும் ஒரு பலகைகூட அங்கே இல்லாததுதான் கூடுதல் வலி.

சொல்லும் இடமே இல்லை என்று கூறிவிடவும் முடியாது. கண்டிக்கு மேலே ஹந்தானையில் பழைய தொழிற்சாலைக்குள் 2001இல் திறக்கப்பட்ட தேயிலை நூதனசாலை இருக்கிறது. அங்கே ஜேம்ஸ் டெய்லரின் பொருட்களும் உருட்டு இயந்திரங்களும் இடம்பிடித்துள்ளன. கம்பளைக்கு அருகே பழைய பீகொக் தோட்டத்தில், சமூக அபிவிருத்தி நிறுவனம் ஒரு லயத்தையே 2007இல் தொழிலாளர் நூதனசாலையாக மாற்றியது. கவ்வாத்துக் கத்தி, கூடை, வெங்கலப் பாத்திரம், பேர்ச்சீட்டு, தப்பு, அடையாள ஆவணங்கள் என்று மக்கள் கொடுத்த பொருட்கள் அங்கே காக்கப்படுகின்றன. சுற்றுலா வாகனங்களில் ஹந்தானைக்குப் போகிறவர்கள் ஏராளம், பீகொக்கை அறிந்தவர்கள் சிலர். வழிகாட்டிகள் பயிற்சியில் இந்த இடத்தைச் சேர்ப்பதற்குப் பெரிய செலவெதுவும் தேவையில்லை.

நகரத்தின் மேல் விழும் பாரத்துக்கு வருவோம். கிரகரி வாவியில் சேறும் கழிவும் சேர்வது பழைய பிரச்சினை. கரையில் ஓடும் மட்டக் குதிரைகள், மோட்டார்ப் படகுகள், கடைகள், ஹோட்டல்களின் கழிவுநீர் எல்லாம் சேர்ந்து வாவியின் நிறத்தை மாற்றுகின்றன. அந்த நீர் நானுஓயாவாக இறங்கி, கொத்மலை ஓயாவில் கலந்து, மகாவலிக்குப் போகிறது. வாவியில் விழுவது நுவரெலியாவோடு நிற்பதில்லை.

ஹோர்ட்டன் சமவெளியில் கட்டுப்பாடு ஓரளவு வேலை செய்கிறது. 1988இல் தேசியப் பூங்காவாகவும் 2010இல் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக உலக மரபுரிமையிலும் இடம்பெற்ற இந்தப் புல்வெளியில் மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளின் தலைநீர் ஊறுகிறது. வாசலில் பையைத் திறந்து பார்த்து பொலித்தீனை எடுத்துவிடுகிறார்கள். தண்ணீர்ப் போத்தலின் லேபலையும் உரித்து வாங்கிக்கொள்கிறார்கள். சின்னக் காரியம்தான், ஆனால் சரியான காரியம். அப்படியும் மனிதர் கையிலிருந்து தின்னப் பழகிய மரைகள் வாகனத் தரிப்பிடத்தைச் சுற்றி வருகின்றன. பனி மூடுமுன் ‘உலக முடிவு’ என்ற மலை விளிம்பைப் பார்க்கவேண்டும் என்று எல்லோரும் விடியலிலேயே வந்து சேர்வதால், அந்த ஒடுங்கிய பாதையில் காலை நேரம் முழுவதும் வாகன வரிசைதான்.

சிவனொளிபாதமலையின் கதை வேறு. அங்கே வருகிறவர்களில் பெரும்பாலோர் யாத்திரிகர்கள். மார்கழிப் பௌர்ணமியிலிருந்து வைகாசிப் பௌர்ணமி வரை ஹட்டன், மஸ்கெலியா, நல்லதண்ணி பாதை இரவும் பகலும் விழித்திருக்கும். பக்தியின் பெயரால் ஏறுகிறவர்கள் விட்டுச்செல்லும் பிளாஸ்டிக்கைச் சுமந்து இறக்குகிறவர்கள் பெரும்பாலும் அக்கம்பக்கத்து இளைஞர்களும் தொண்டர்களும்தான். மவுசாகலை நீர்த்தேக்கம் வற்றும்போது 1960களில் மூழ்கிய பழைய மஸ்கெலியாவின் வழிபாட்டிடங்கள் மேலே தெரியும். அதைப் பார்க்கவும் இப்போது கூட்டம் வருகிறது. அந்த நகரிலிருந்து எழுப்பி அனுப்பப்பட்டவர்களின் பிள்ளைகளும் அதே கூட்டத்தில் நின்று கோயில் தூணைக் கையால் தொட்டுப் பார்க்கிறார்கள்.

ரயிலைப் பற்றிச் சொல்லவேண்டும். நானுஓயாவிலிருந்து எல்ல வரையான பாதை உலகின் அழகிய ரயில் பயணங்களில் ஒன்றாகப் பெயர் எடுத்த பிறகு, ஆசனங்கள் ஒன்லைனில் திறந்த சில நொடிகளிலேயே தீர்ந்துவிடத் தொடங்கின. பின்னர் அதே சீட்டுகள் பல மடங்கு விலைக்குக் கைமாறின. 2025இன் தொடக்கத்தில் குற்றப் புலனாய்வுத் திணைக்களம் இதை விசாரித்துச் சிலரைக் கைதும் செய்தது. வாசலில் தொங்கியபடி படம் எடுத்து விழுந்து உயிரிழந்த பயணிகளும் உண்டு. தோட்டத்திலிருந்து கண்டி ஆஸ்பத்திரிக்கோ கொழும்பு வேலைத்தலத்துக்கோ போகிறவருக்கு இது காட்சி ரயிலல்ல, மலிவான ஒரே வாகனம். கழிவறை வாசலில் குந்தியபடி அவர் பயணம் போகிறார்.

பாதைகளோ இந்தப் பாரத்துக்குக் கட்டப்பட்டவை அல்ல. 2023 ஜனவரி 20ஆம் திகதி நானுஓயா ரதெல்லக் குறுக்குப் பாதையில், கொழும்பிலிருந்து சுற்றுலா வந்த பாடசாலை மாணவர்களின் பேருந்து, எதிரே வந்த வானிலும் முச்சக்கரவண்டியிலும் மோதியது. ஏழு பேர் இறந்தார்கள். வானில் இருந்தவர்கள் ஹட்டன் பக்கத்துக் குடும்பத்தினர். செங்குத்தான அந்தப் பாதை பாரவண்டிகளுக்கு உகந்ததல்ல என்பது பக்கத்தில் வாழும் எல்லோருக்கும் தெரியும். புதிதாக வரும் சாரதிக்குத் தெரியாது.

பிரதான பாதைக்கே இந்த நிலை என்றால் தோட்டத்துக்குள் போகும் பாதை? பிரதேச சபைச் சட்டத்தின்படி சபைகள் தோட்டங்களுக்குள் நேரடியாகப் பணம் செலவிடமுடியாத நிலை 2018 வரை இருந்தது. அந்த ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகுதான் அந்தத் தடை நீங்கியது. அதாவது நுவரெலியாவில் வரி கட்டி, வாக்குப் போட்டு, சபைக்கு உறுப்பினரையும் அனுப்பிய மக்கள் குடியிருக்கும் இடத்தில், அதே சபை ஒரு மின்விளக்கைப் போடச் சட்டம் இடம் தரவில்லை. சுற்றுலா விடுதி வரை தார்ப் பாதை, அதற்கு அப்பால் லயத்துக்குக் கற்பாதை என்ற காட்சிக்கு இதுவும் ஒரு காரணம்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் மலைகள் சரிந்தன. மலைநாட்டு ரயில் பாதை பல இடங்களில் அறுந்தது. மக்கள் பாடசாலைகளிலும் கோயில்களிலும் தங்கவைக்கப்பட்டார்கள். இதற்கு முன் 2014 அக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் புதைந்தபோது, அந்த இடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை ஏற்கனவே கொடுக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை கிடைத்தும் லயத்து மக்கள் போகவில்லை என்று சொன்னவர்கள் இருந்தார்கள். போவதற்கு இடம் எங்கே? தன் பெயரில் ஒரு துண்டு நிலமும் இல்லாதவர் எங்கே போவார்? அதே ஆபத்து வலயங்களுக்குள், எல்லவிலும் நுவரெலியாவிலும் காட்சிக்காகவே விளிம்புகளில் விடுதிகள் எழுந்துள்ளன. சரிவின் உச்சியில் கட்டுவதும் மண்ணை வெட்டி வாகனத் தரிப்பிடம் அமைப்பதும் மேலே நடக்கிறது, நீர் இறங்குவது கீழே இருக்கும் லயத்தின் பின்பக்கத்தில்.

ஐரோப்பா என்ன செய்கிறது? பெரும் உல்லாசக் கப்பல்கள் வெனிஸின் பழைய கால்வாய்க்குள் வருவதை இத்தாலிய அரசு 2021இல் நிறுத்தியது. வெனிஸ் நகரம் 2024 ஏப்ரல் 25 முதல், குறிப்பிட்ட நாட்களில் பகலில் வந்து போகிறவர்களிடம் 5 யூரோ வாங்கத் தொடங்கியது. 1951இல் ஏறத்தாழ 1,75,000 பேர் வாழ்ந்த பழைய நகரில் 2022இல் 50,000க்கும் குறைவானவர்களே எஞ்சியிருந்தார்கள். வீடுகள் பயணிகளுக்கான வாடகை அறைகளாக மாறியதே முக்கிய காரணங்களில் ஒன்று. பார்சிலோனா 2028 நவம்பரோடு பயணிகள் வாடகை வீடுகளின் அனுமதிப்பத்திரங்கள் அனைத்தையும் முடித்துவிடப் போவதாக அறிவித்திருக்கிறது.

இதில் நமக்குப் பாடம் உண்டு, ஆனால் தலைகீழாகப் படிக்கவேண்டும். வெனிஸ்காரர் வெளியேறுகிறார் என்றால், அவரிடம் விற்கவோ வாடகைக்கு விடவோ ஒரு வீடு இருந்தது. சுற்றுலா அவரைத் துரத்தியது, ஆனால் வெறுங்கையோடு அல்ல. லயத்தில் இருப்பவருக்கு மலையின் மதிப்பு ஏறினால் ஒரு சதமும் கிடைக்காது. குத்தகை வைத்திருக்கும் கம்பனி தேயிலையை விட்டுவிட்டு ஹோட்டலுக்கு நிலத்தைக் கொடுத்தால், அவருடைய குடியிருப்புக்கும் கேள்விக்குறி விழும். பாட்டன் வாழ்ந்து செத்த வீட்டில் அவர் இன்னும் வேலைக்காக இருக்க அனுமதிக்கப்பட்டவர் மட்டுமே.

நமக்கு இன்னும் நெருங்கிய உதாரணம் ஊட்டி. சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போகும் வாகனங்களுக்கு இ-பாஸ் என்ற இணையவழி அனுமதி வந்தது. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று வரம்பும் போட்டார்கள். உள்ளூர் வாகனங்களுக்கும் அரசுப் பேருந்துக்கும் விலக்கு. அதே நீலகிரியில்தான் 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இங்கிருந்து அனுப்பப்பட்ட எங்கள் உறவுகள் கூடலூரிலும் கோத்தகிரியிலும் இன்றும் கொழுந்து பறிக்கிறார்கள். அவர்களுக்காகவே 1968இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டம்தான் பின்னர் டான்டீ நிறுவனம் ஆனது. மூன்று தலைமுறைக்கு முன் பிரிந்த ஒரே குடும்பம் ஊட்டியிலும் நுவரெலியாவிலும் சுற்றுலாக் கூட்டத்தின் ஓரத்தில் நிற்கிறது.

ஏப்ரல் சீசனில் நுவரெலியாவுக்கும் இப்படி ஒரு வரம்பு வேண்டும் என்றே சொல்வேன். நானுஓயாவில் வாகனங்களை நிறுத்திவிட்டுப் பேருந்தில் நகருக்குள் வரலாம். வாங்கும் கட்டணத்தில் ஒரு பங்கு தோட்டப் பாதைகளுக்கும் நீர்த்திட்டங்களுக்கும் போகவேண்டும் என்று விதி வகுக்கலாம். ரயிலில் ஒவ்வொரு பயணத்திலும் சில பெட்டிகளை முன்பதிவின்றி உள்ளூர்ப் பயணிகளுக்கு விடலாம். ஆனால் உள்ளூர்க்காரருக்கு விலக்கு என்றால், உள்ளூர்க்காரர் யார் என்பதற்கு ஒரு முகவரி வேண்டும். அங்கேயே இந்தத் திட்டமும் தடுக்கி நிற்கும்.

சுற்றுலாவே வேண்டாம் என்று தோட்டத்து இளைஞர்கள் யாரும் சொல்வதில்லை. 2018இல் நாட்டுக்கு 23 இலட்சத்துக்கு மேற்பட்ட வெளிநாட்டுப் பயணிகள் வந்தார்கள். 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல், கொரோனா, 2022 பொருளாதார நெருக்கடி என்று அடுத்தடுத்து அடிபட்டு, 2024இல் மீண்டும் 20 இலட்சத்தைத் தாண்டியது. முச்சக்கரவண்டி ஓட்டுகிறவர், ஹோட்டலில் அறை சுத்தம் செய்கிறவர், சமையலறையில் நிற்கிறவர், மலைப்பாதை காட்டுகிறவர் என்று ஏராளமான தோட்டத்துப் பிள்ளைகள் இதில் பிழைக்கிறார்கள். தமிழும் சிங்களமும் பேசி, ஆங்கிலத்தையும் காதாலேயே பிடித்துக்கொள்ளும் பிள்ளைகள் அவர்கள். கொழும்பில் கடையில் நிற்பதைவிடச் சொந்த மலையில் வேலை செய்வது நல்லது என்பதே அவர்கள் எண்ணம். இந்தியப் பயணிகள் சீதா எலிய சீதையம்மன் கோயிலுக்கும் ரம்பொடை அனுமன் கோயிலுக்கும் பெருகி வருவதால், தமிழ் தெரிந்த வழிகாட்டிக்குத் தேவை கூடியிருக்கிறது.

கண்டியிலிருந்து தொடங்கி ஹட்டன், ஹப்புத்தளை, எல்ல வழியாக நுவரெலியாவில் முடியும் 300 கிலோமீற்றர் நீள பீக்கோ நடைபாதை இங்கே ஒரு நல்ல வாய்ப்பு. பழைய தேயிலை வண்டிப் பாதைகளை இணைத்து 22 கட்டங்களாக அமைக்கப்பட்ட இது, ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடும் அமெரிக்க உதவியோடும் உருவானது. நடந்து வருகிறவர் ஒரு நாளில் பத்துப் பதினைந்து கிலோமீற்றர்தான் போவார். வழியில் பசிக்கும், தாகம் எடுக்கும், இரவு தங்கவேண்டும். அவர் கடப்பது தோட்டத்துக் குடியிருப்புகளினூடாக. அங்கே ஒரு வீட்டில் ரொட்டியும் கட்டச் சம்பலும் சாயத்தண்ணியும் கொடுத்து, ஓர் அறையும் தந்தால், அந்தப் பணம் நேரே அந்த வீட்டுக்குப் போகும். பங்களாச் சுற்றுலாவில் நடக்காதது இதில் நடக்கலாம்.

ஆனால் பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பிராவில் ஆறு பேர் வாழும் வீட்டில் விருந்தாளிக்கு அறை எங்கே? ஒரு அறையைக் கூட்டிக் கட்ட தோட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். வங்கிக் கடன் கேட்டால் பிணையாக வைக்க உறுதி வேண்டும். வீட்டுத் தங்கலைச் சுற்றுலா அதிகாரசபையில் பதிவு செய்ய, இடம் தன்னுடையது என்றோ முறையாகக் குத்தகைக்கு எடுத்தது என்றோ காட்டவேண்டும். மலையகத் தமிழரிடமிருந்து 1948இல் பறிக்கப்பட்ட குடியுரிமை 2003இல் சட்டப்படி முழுமையாகத் திரும்பிவிட்டது. நிலம் இன்னும் திரும்பவில்லை. இந்திய உதவியில் ஏழு பேர்ச்சஸ் காணியில் கட்டப்பட்ட தனிவீடுகள் சில ஆயிரம் குடும்பங்களுக்குக் கிடைத்தன. மேலும் 10,000 வீடுகள் தரப்படும் என்று 2017 மே 12இல் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் அறிவித்தார். வீடு கிடைத்தவர்களிலும் உறுதிப் பத்திரத்துக்காகக் காத்திருந்தவர்கள் உண்டு.

தோட்டங்கள் 1970களில் அரசுடைமையாகி, 1992இல் 22 பிராந்தியக் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போயின. 53 ஆண்டுக் குத்தகைகள் 2045இல் முடியும். குத்தகையை நீட்டிக்கவேண்டும் என்ற கோரிக்கையும், தேயிலை நிலத்தைச் சுற்றுலாவுக்கு மாற்ற இடம் தரவேண்டும் என்ற கோரிக்கையும் இப்போதே எழுந்துகொண்டிருக்கின்றன. இரண்டும் மேசைக்கு வரும் முன்பு, லயங்களும் அவற்றைச் சுற்றிய மரக்கறித் தோட்டங்களும் கோயில் காணியும் மயானமும் விளையாட்டுத் திடலும் அளக்கப்பட்டு, குத்தகையிலிருந்து பிரிக்கப்பட்டு, கிராமங்களாகப் பதியப்படவேண்டும். ஒவ்வொரு குடும்பத்துக்கும், பெண்களின் பெயரையும் சேர்த்து, உறுதி எழுதப்படவேண்டும். பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகாரசபையை அமைத்த 2018ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு ஓர் அடிப்படையைத் தந்தது. சுற்றுலாத் திட்டம் எதுவாக இருந்தாலும், அந்தக் காணி அளவை முடியாத தோட்டத்தில் அதற்கு அனுமதி கொடுக்கக்கூடாது என்று பிரதேச சபைகள் இப்போதே தீர்மானம் நிறைவேற்றலாம்.